செருப்புத் தோலும் கல்நாரும்

மோட்டார் காரின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அது ஓடின கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷம் எந்தக் கார் எத்தனை மைல் வேகத்தில் போயிற்று, யார் முந்தினார், யார் கவிழ்ந்தார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அது நின்ற கதையைத் தேடினால் அடிக்குறிப்பில்தான் அகப்படும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குதிரை ஓடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறதே தவிர, அதை லாயத்தில் கட்டுவதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

ஆனால், பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவருக்கு நிற்கிற கதைதான் முக்கியம். பதினைந்து வருஷத்து வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால், ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போய்விடலாம். கிளம்பின வண்டி நிற்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? நிறுத்துகிற காரியத்தைக் கடைசியில் செய்து முடிப்பது எது என்று பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய, அரை விரற்கடை கனமுள்ள ஒரு வில்லை. டிஸ்க் பிரேக் வண்டியில் அதற்குப் பிரேக் பேட் என்று பெயர். டிரம் பிரேக்கில் ஷூவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே அதை லைனிங் என்பார்கள். தேய்வதற்கென்றே பிறந்த வஸ்து அது. அது எப்படிப் பிறந்தது, எதைக்கொண்டு செய்தார்கள், தேய்ந்த தூள் எங்கே போயிற்று என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், ஜெர்மனியில் ஒரு கிராமத்துச் செருப்புக் கடையில் ஆரம்பித்து, இங்கிலாந்தில் ஓர் இடுகாடு வரையில் போக வேண்டியிருக்கிறது.

முதலில் செருப்புக் கடை.

1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மன் எஞ்சினியர் இரண்டு வருஷத்துக்கு முன்பே தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். வண்டியைச் செய்யத் தெரிந்தவருக்கு அதை விற்கும் சாமர்த்தியம் போதவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. கேட்டுக்கொண்டு போவது என்று வைத்துக்கொண்டிருந்தால் அந்த அம்மாள் வாசற்படி தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

இந்தப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள், வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றியதையும், குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததையும் வாய் நிறையச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அது ஒரு பெரிய கஷ்டமில்லை. இறக்கத்தில்தான் ஆபத்து. சக்கரத்தின்மேல் ஒரு கட்டையை நெம்புகோலால் அழுத்துவதுதான் அந்த வண்டியின் பிரேக். இறங்கி இறங்கி அது தேய்ந்து போயிற்று. பௌஷ்லாட் என்ற கிராமத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்து, பிரேக் கட்டைகளின் மேல் தோலை வைத்து அடித்துத் தரச் சொன்னார் பெர்த்தா அம்மாள். மோட்டார் வண்டிக்குப் பிரேக் லைனிங் போட்டது அங்கேதான் ஆரம்பம் என்று சொல்வார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து இங்கிலாந்திலும் செருப்புத் தோல்தான் வழி காட்டியது. டார்பிஷர் என்ற ஜில்லா மேடும் பள்ளமுமான பூமி. அங்கே குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்காகப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸின் தோலை வைத்து அடித்துக்கொள்வார்களாம். இதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். எத்தனையோ பேர் பார்த்ததுதான். அவர் ஒருவர்தான் வீட்டுக்குப் போய் அதைப் பற்றி யோசித்தார். தோலைவிட நன்றாகப் பிடிக்கிற, தோலைவிட மெதுவாகத் தேய்கிற ஒன்றைச் செய்ய முடியாதா? முரட்டுத் துணியையும் மயிரையும் நாடாவாக நெய்து, பிசினில் ஊறவைத்து இறுக்கிப் பார்த்தார். பிடித்தது. 1897-ம் வருஷம் தொழில் தொடங்கினார். சரக்குக்கு அவர் வைத்த பெயர் ஃபெரோடோ. தம்முடைய பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைச் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். மனைவிமாருக்கு மோட்டார் சரித்திரத்தில் கிடைத்திருக்கும் இடம் அவ்வளவுதான்.

குதிரை வண்டிக்குத் துணியும் பிசினும் போதும். மோட்டாருக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். கணக்கு என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் போட்டு நிறுத்துகிறோம். அந்த வேகம் எங்கேயும் மறைந்து போய்விடவில்லை. முழுக்கச் சூடாக மாறிவிட்டது. அந்தச் சூட்டை அப்படியே பிடித்து அடுப்பில் வைக்க முடியுமானால், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. மலைப்பாதை என்றால் கேட்கவே வேண்டாம். அதே கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கையே நம்பி இறங்குமானால், பிரேக்கின் தலையில் விழும் சூடு முப்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அத்தனையையும் நாலு சக்கரங்களிலும் இருக்கும் அந்தச் சில வில்லைகள் வாங்கிக்கொள்ள வேண்டும். துணியும் பிசினும் கருகிப் புகைந்துவிடும்.

பர்மிங்ஹாமில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற மேதை ஒருவர் இருந்தார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்குகிற டிஸ்க் பிரேக்குக்கு 1902-ம் வருஷமே பேடண்ட் வாங்கியவர். யோசனை பிரமாதமானது. ஆனால் பிடிக்கிற பக்கத்துக்கு அவர் செம்பைப் போட்டார். பிரேக்கை அழுத்தியதும் உலோகத்தோடு உலோகம் உரசி எழுப்பிய கூச்சல் தெருவையே கூட்டியிருக்கும். கருகாத, கத்தாத, வழுக்காத ஒரு பொருள் கிடைத்தால்தான் மேலே போக முடியும் என்ற நிலைமை.

அந்தப் பொருள் பூமிக்குள் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார் என்று அதற்கு அழகான பெயர் உண்டு. பாறைக்குள் நாராக விளைகிற கல். பஞ்சைப்போல் பிரிக்கலாம், நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பில் போட்டாலும் எரியாது. கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் இந்தக் கல்லுக்காக ஒரு பெரிய சுரங்கம் வெட்டி, அதைச் சுற்றி ஓர் ஊரே எழுந்து, அந்த ஊருக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயரும் வைத்தார்கள். நமக்குப் பக்கத்திலும் ஆந்திரத்தில், கடப்பை ஜில்லாப் புலிவெந்துலாப் பகுதியில், இது வெட்டி எடுக்கப்பட்டது. 1907, 1908 வாக்கில் ஃப்ரூட் கல்நாரைக் கையில் எடுத்தார். கல்நார் நூலோடு பித்தளைக் கம்பியைச் சேர்த்து நெய்து, பிசினில் ஊறவைத்து அழுத்தினால் லைனிங் தயார். அதற்குப் பிறகு உலகத்தில் ஓடின கார், லாரி, பஸ் எல்லாமே ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் கல்நாரின் மேல்தான் நின்றன.

இனி அந்த இடுகாட்டுக்குப் போவோம்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற மில் ஊர். அங்கே டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலை இருந்தது. நெல்லி கெர்ஷா என்ற பெண்மணி அதில் நூல் நூற்றார். சின்ன வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து கல்நாருக்கு வந்தவர். அவர் நூற்ற நூல் பிரேக்குக்குத்தான் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. கல்நார் நூலுக்கு நூறு உபயோகம். ஆனால் பிரேக்குக்குப் போன நூலை நூற்றவர்களும் அவரைப் போன்றவர்களே. நூற்பு அறையில் காற்றெல்லாம் தூசி. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 1922-ல் வேலைக்குப் போக முடியாமல் நின்றுவிட்டார். வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டில் கல்நாரால் வந்த நோய் என்றே இருந்தது. அப்படி ஒரு நோயே இல்லை என்பது ஆலையின் நிலை. ஒப்புக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுத்தால் நாளைக்கு எத்தனை பேர் வந்து நிற்பார்களோ! 1924-ம் வருஷம் மார்ச்சு மாதம், முப்பத்து மூன்றாவது வயதில், நெல்லி இறந்தார். சவ அடக்கத்துக்குக்கூட ஆலை ஒன்றும் கொடுக்கவில்லை. பெயர் பொறித்த கல் இல்லாத ஒரு குழியில் அவரைப் புதைத்தார்கள்.

புதைப்பதற்கு முன்னால் வில்லியம் குக் என்ற டாக்டர் அவருடைய நுரையீரலைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்திருந்தார். உள்ளே கல் துணுக்குகள் இருந்தன. அதே வருஷத்தில் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் அதைப் பற்றி எழுதினார். 1927-ல் அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் கொடுத்தார். சர்க்கார் விழித்துக்கொண்டு விசாரித்து, 1931-ல் விதிகள் செய்தது. ஆலைக்குள் சில வேலைகளுக்கு மட்டுமே அந்த விதி. ஆலையை விட்டு வெளியே போன சரக்கைக் கையாண்டவர்கள், தேய்ந்த பிரேக்கைக் கழற்றித் தூசியை ஊதித் தள்ளிய மெக்கானிக் உள்பட, விதிக்கு வெளியே நின்றார்கள். இதற்குள் டர்னர் ஆலை விரிந்து டர்னர் அண்ட் நியூவால் என்ற பெரிய கம்பெனியாகி, 1920-களின் நடுவில் ஃபெரோடோவையும் வாங்கிவிட்டது. பூட்ஸ் தோலில் தொடங்கிய தொழிலும் நெல்லியின் ஆலையும் ஒரே முதலாளியின் கீழ் வந்து சேர்ந்தன. நாவலில் இப்படி எழுதினால், வலிந்து பொருத்தியிருக்கிறான் என்று விமர்சகர்கள் சொல்வார்கள்.

கார்கள் நிற்காமல் முன்னேறிக்கொண்டிருந்தன. மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர், குழாய்க்குள் திரவத்தை அழுத்தி நாலு சக்கரத்துக்கும் ஒரே பலத்தைக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917-ல் பேடண்ட் வாங்கினார். 1921-ல் டூசன்பர்க் காரில் அது வந்தது. முன் சக்கரத்துக்கும் பிரேக் வைத்த புதிதில், பின்னால் வருகிறவர் சட்டென்று நிறுத்த முடியாமல் மோதிவிடுவாரே என்று பயந்து, இங்கிலாந்தில் சிலர் காரின் பின்புறம் சிவப்பு முக்கோணம் மாட்டி எச்சரித்தார்கள். ஹென்றி ஃபோர்டோ இந்தத் திரவ சமாச்சாரத்தையே நம்பாமல் 1939 மாடல் வரும் வரையில் கம்பியையும் தண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரம் பிரேக்குக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகிப் போகும். எந்த நேரத்தில் பிரேக் அவசரமாக வேண்டுமோ, அந்த நேரத்தில் பெடல் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. தட்டு சூடேறித் தடித்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றும் தாராளமாகப் படும். லான்செஸ்டரின் பழைய யோசனையை டன்லப் கம்பெனியார் புதுப்பித்து ஜாகுவார் காரில் பொருத்தினார்கள். 1953-ம் வருஷம் பிரான்சில் லெ மான் பந்தயம். இருபத்து நாலு மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டும். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நேர்சாலை முடிந்ததும் ஒரு கூர்மையான வளைவு. மற்றவர்கள் பிரேக்கில் கால் வைத்த இடத்தைத் தாண்டியும் ஜாகுவார்காரர்கள் துணிந்து போனார்கள். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய கார் ஜயித்தது. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. (ரோல்ட் என்பவர், யுத்தத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையின் பரணில் சகாக்களோடு ரகசியமாகக் கிளைடர் விமானம் ஒன்றைச் செய்தவர். அது பறப்பதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) இரண்டு வருஷம் கழித்து, 1955-ல், சிட்ரோயன் டி.எஸ். காரில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வைத்துக் குடும்பஸ்தர்களுக்கும் விற்றார்கள்.

நம் ஊருக்கு இந்தச் சௌகரியம் சாவகாசமாகத்தான் வந்தது. உத்தரபாராவில் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் செய்த அம்பாஸடரும், பம்பாயின் ஃபியட்டும் நாலு சக்கரத்திலும் டிரம்மோடுதான் வெகுகாலம் ஓடின. லைனிங் தேயத் தேய டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் திருகி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஷூவைக் கழற்றிக்கொண்டு போனால், பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை ஆணி அறைந்து தருவார்கள். தேய்ந்தபின்பும் விட்டுவைத்தால் அந்த ஆணித் தலை டிரம்மை உழுதுவிடும். சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. முன் சக்கர டிஸ்க்கை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தியது மாருதி 800. லைனிங், பேட் இரண்டிலும் கல்நார் வெகுநாள் இருந்தது.

மேல்நாடுகளில் அதன் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. பிரிட்டன் 1999-ல் முழுவதும் தடுத்தது. ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் 2005-ல் தடை வந்தது. அமெரிக்காவில் 1989-ல் போட்ட தடையைக் கோர்ட்டு 1991-ல் பெரும்பாலும் தள்ளிவிட, பிரேக் உள்பட மிச்சமிருந்ததை நிறுத்தும் உத்தரவு 2024 மார்ச்சில்தான் பிறந்தது. நெல்லிக்கு அடக்கச் செலவு கொடுக்காத கம்பெனி, நஷ்ட ஈட்டு வழக்குகளின் பாரத்தோடு கைமாறி, வாங்கிய அமெரிக்கக் கம்பெனியையும் 2001-ல் திவால் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கனடாவின் ஆஸ்பெஸ்டாஸ் நகரத்து ஜனங்கள் 2020-ல் வோட்டுப் போட்டுத் தங்கள் ஊரின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1995-ல், கல்நார்த் தொழிலாளியின் உடல்நிலைக் குறிப்பை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரையில் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 40 வருஷம் என்றால் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! நுரையீரலுக்குள் போன நார் தன் வேலையைக் காட்ட அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும். ஆனால் முழுத்தடை என்பது இங்கே வரவில்லை.

கல்நாருக்குப் பதில் இப்போது பேடில் இருப்பது எஃகு நார், அராமிட் என்ற செயற்கை நார், கிராபைட், பிசின், உலோகத் தூள் என்று ஒரு டஜன் சரக்கின் கலவை. அதில் செம்பைச் சேர்த்தார்கள். தேய்ந்த செம்பு மழையில் கரைந்து ஓடைக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்று கலிபோர்னியா 2010-ல் சட்டம் செய்து அதையும் குறைக்கச் சொன்னது. 2024-ல் ஐரோப்பா, புகைக்கு விதித்ததுபோல் பிரேக் தூசிக்கும் அளவு விதித்தது.

ஆகையால் பழைய கார்க்காரர் பேட் மாற்றப் போகும்போது பணத்தைத் தவிரப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெட்டியின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெகுகாலம் ஷெட்டில் கிடந்த வண்டி என்றால், உள்ளே இருக்கும் பழைய லைனிங் கல்நார்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. டிரம்மைக் கழற்றியதும் பட்டறைப் பையன் குனிந்து வாயால் ஊதுவான். அல்லது காற்றுக் குழாயைக் கொண்டுவந்து அடிப்பான். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். பிரேக் வேலை செய்கிறவர் தூசியைக் காற்றடித்துக் கிளப்பக் கூடாது என்று அமெரிக்காவில் 1994-லிருந்து விதியே இருக்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டால் போதும். பத்து நிமிஷம் கூடுதலாகும். அந்தப் பையனுக்கு இன்னும் நாற்பது வருஷம் பாக்கி இருக்கிறது.

மற்றவை லேசான விஷயங்கள். புதுப் பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். சில பேடுகளில் ஒரு தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். ரேடியோவைப் பெரிதாக வைத்து அந்தச் சத்தத்தை அமுக்குகிற புத்திசாலிகள் உண்டு. அதற்கப்புறம் பின்தகடு டிஸ்க்கைச் சுரண்ட ஆரம்பிக்கும். பேடோடு போகிற செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது. அப்படி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர்கிற ஊசிகள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அவற்றைக் கழற்றித் துடைத்து அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலை யாரும் கவனிப்பதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற ரகம் புதிதில் 205 டிகிரி வரையிலாவது கொதிக்காது. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால், 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்காமல், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு, புதுப் பேட் இருந்தும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது அதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது உத்தமம்.

பேட் மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். வேலை முடிந்து சாவியைக் கையில் வாங்கியதும் முதல் மிதி வெறுமனே தரை வரையில் இறங்கும். ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே ஐந்தாறு தடவை பெடலை மிதித்து, காலுக்குக் கெட்டியாக எதிர்ப்பு வந்த பிறகு கிளம்புங்கள். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் அவசரப் பிரேக் போடாமல், மெதுவாக அழுத்தி அழுத்திப் பழக்குங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்த அவ்வளவு தூரம் வேண்டியிருக்கிறது.